டீசல் வண்டிக்குக் கழி எது?

1

போன மாதம் என் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். ஜெர்மனியின் வடகோடியில் நான் இருக்கும் இந்தத் துறைமுக ஊரில், எந்த வண்டியாக இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதிகாரிகளிடம் காட்டி, ஓடத் தகுதி உண்டு என்று முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. என்னுடையதோ பழைய டீசல் எஸ்டேட் கார். பின்பக்கம் நீளமாக, ஜன்னல் வைத்த பெட்டி மாதிரி இருக்கும். 

பரிசோதகர் இளவயசுக்காரர். பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், அடியில் படுத்துத் துருவைச் சுரண்டினார். எல்லாம் சரி என்றார். கடைசியாக பானெட்டைத் திறந்து கைவிளக்கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

டீசல் பம்பிலிருந்து எஞ்சினுக்கு நாலு இரும்புப் பைப்புகள் போகும். பென்சில் கனம்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கும். அவை அதிர்ந்து உடையாமலிருக்க நாலையும் சேர்த்து ஒரு கிளாம்பு பிடித்திருக்க வேண்டும். என் வண்டியில் கிளாம்பு இல்லை. மூன்று இடத்தில் வலைநூல் சுற்றிக் கட்டியிருக்கிறது. டீசல் குடித்துக் குடித்து நூல் கறுத்துவிட்டது.

அவர் பையிலிருந்து கத்தியை எடுத்தார். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வேணாம்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு ஜெர்மனில், இது என் மனைவி கட்டியது என்று சொல்ல வாயெடுத்து, பதற்றத்தில் "இது என் மனைவி" என்று சொல்லித் தொலைத்தேன். பதினோரு வருஷமாகப் பேசுகிற பாஷை! அவர் என்னைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். கோபப்படவில்லை. மனைவி இருக்கட்டும், நூல் இருக்கக் கூடாது, நாலு வாரம் தருகிறேன் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

இன்றோடு அந்த நாலு வாரம் முடிகிறது. கிளாம்பு வாங்கிவிட்டேன். நூலை அறுத்துவிட்டு அதைப் போடப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நாலு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி கோவிந்தம்மாவும் மகள் செல்வியும் இப்போது ஊரில், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில். நான் மட்டும் இங்கே. இது எப்படி ஆயிற்று என்று பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஆளுக்கொரு கதை சொல்வதாகக் கேள்வி. நான் அவளை அடித்துத் துரத்தினேன் என்றுகூட ஒரு கதை உண்டாம். படிக்கிறவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளுங்கள்.

2

எண்ணூர்ப் பக்கம் வெல்டராக இருந்த நான், அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு ஜெர்மன்காரர் கைகாட்டிவிட, அறுபத்தெட்டில் இங்கே கப்பல் கட்டும் பட்டறைக்கு வந்தேன். நாலு வருஷம் கழித்துக் கோவிந்தம்மா வந்தாள், மூன்று வயசு செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு. வந்த மூன்றாம் மாதம் மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் குப்பத்தில் உயிரோடு துள்ளும் இறாலைப் பார்த்து வளர்ந்தவள், இங்கே கல் மாதிரி உறைந்த மீனை நாள் பூராவும் நின்றுகொண்டு அறுத்தாள். குடும்பமே மீன் குடும்பம், அவளுக்கு இது பழக்கந்தானே என்று நான் நினைத்தேன். சொல்லவும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த டீசல் வண்டியை ஒரு ரொட்டிக்கடைக்காரரிடமிருந்து வாங்கினேன். வாங்கியபோது உள்ளே ரொட்டி வாசனை. பெட்ரோல் வண்டியைப் போலச் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடாது. ஒரு குமிழை இழுத்துப் பிடித்து, எஞ்சினுக்குள் கம்பிகள் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் முப்பது எண்ண வேண்டும். எண்ணுவது செல்வியின் வேலை. பின் சீட்டில் நின்றுகொண்டு ஜெர்மனில் முப்பது வரை எண்ணி, "இப்போ!" என்பாள். நான் மேலும் இழுப்பேன். வண்டி இருமி, உதறி, புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும்.

இதெல்லாம் அவள் சின்னவளாக இருந்தவரை. எட்டு வயசானதும் எண்ணுவதை நிறுத்தினாள். பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொன்னாள். பேட்டரியை நம்ப முடியாமல் நான் வண்டியை எப்போதும் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்துவேன், தள்ளிவிட்டுக் கிளப்பலாம் என்று. அது அவளுக்கு அவமானம். பள்ளியில் அவளை ஸில்வியா என்று கூப்பிட்டார்கள், அவளும் திருத்தவில்லை. ஒருநாள் அவள் தோழி, "அந்தப் புகை வண்டி உங்களுடையதா?" என்று கேட்க, "இல்லை, அது பக்கத்து வீட்டுக்காரருடையது" என்று என் காதுபடவே சொன்னாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இந்தப் பெண்ணை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் இவள் என் கையை விட்டே போய்விடுவாள். பட்டறையிலும் அப்போது வேலை குறைந்து, வேண்டியவர்கள் சம்பளமில்லாமல் நீண்ட லீவு எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

3

காரிலேயே போவது என்று நான்தான் கிளம்பினேன். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக. வெள்ளைக்கார இளவட்டங்கள் அப்போது வரிசையாகப் போய்க்கொண்டிருந்த பாதைதான். குடும்பத்தோடு, மடித்த மெத்தையோடு, அரிசி மூட்டையோடு போனது அனேகமாக நாங்கள்தான்.

ஒரு வெளிநாட்டு வண்டியை இந்தியாவுக்குள் ஓட்டிப்போக ஒரு காகிதப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு எல்லையிலும் உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரை, வெளியே போனதற்கு ஒரு முத்திரை. ஆறு மாதத்துக்குள் வண்டி இந்தியாவை விட்டு வெளியேறிவிட வேண்டும். வெளியேறாவிட்டால், இங்கே ஜாமீன் நின்றவர் தலையில் விழும். எனக்கு ஜாமீன் நின்றவர் ஹைன்ஸ், பட்டறையில் என்னோடு ஒரே கப்பலின் வயிற்றில் வெல்டிங் அடிக்கிறவர். தன் சேமிப்புப் புத்தகத்தை அப்படியே பாங்கில் கொடுத்துவிட்டு, "வண்டியைத் திருப்பிக் கொண்டுவா, அது போதும்" என்றார். வீடு வாங்க அவர் சேர்த்து வைத்திருந்தது அது. இதைப் படிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது. நானும் ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை.

விசா பாரங்கள் மட்டும் ஒரு கட்டு. மூன்று பேருக்கும் நானே நிரப்பினேன். அவசரத்துக்குக் கோவிந்தம்மா கையெழுத்தையும் நானே போட்டேன். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எட்டாவது வரை படித்தவள். போகும்போதும் நானே போட்டேன், திரும்பி வருவதற்கான பாரங்களிலும் நானே போட்டேன்.

வழியில் வண்டி என்னைக் கைவிட்டது இரண்டே தடவைதான். இரண்டு தடவையும் டீசல் பைப்பில் காற்று ஏறிக்கொண்டது. ஈரானில் ஒரு பொட்டல் வெளியில் பைப்பு நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி மறுபடி முடுக்கினேன். எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது கோவிந்தம்மா. இரண்டாம் தடவை எனக்குக் காய்ச்சல். நான் சொல்லச் சொல்ல அவளே தளர்த்தி, அவளே முடுக்கினாள். மீன் அறுத்து வீங்கிப்போன விரல்கள்தான், ஆனால் ஒரு நட்டைக்கூட வழுக்கவிடவில்லை.

4

குப்பத்தில் எங்கள் வண்டி வந்து நின்றதும் முதலில் ஆடுகள் பயந்தன, பிறகு ஜனங்கள் ஏறினார்கள். ஆறு மாதமும் அது எங்கள் வண்டியாக இல்லை. என் தம்பி தேசப்பன் ஐஸ் போட்ட இறால் கூடைகளை அதில் ஏற்றிப் பொன்னேரிக்குப் போனான். ரொட்டி வாசனை போய் மீன் வாசனை வந்து நிலைத்தது. பெரியபாளையத்துக்கு வேண்டுதல் என்று பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டு போனேன். பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டு ஆறு பேர் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றாலும், பெண் பார்க்கப் போவதென்றாலும், "இன்னா ஏழுமல, வண்டி சும்மாதான கீது?" என்று வாசலில் ஆள் நிற்கும். கறுப்பு எழுத்து வெளிநாட்டு நம்பரைப் பார்த்துவிட்டு வழியில் போலீஸ் நிறுத்தும்போதெல்லாம் அந்தக் காகிதப் புத்தகத்தைக் காட்டுவேன். காட்டும்போதெல்லாம் கடைசித் தேதி என் கண்ணில் படும்.

செல்வி முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரம் இறங்கினாள். பொங்கல் வந்தபோது அவளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. குப்பத்துப் பிள்ளைகளை வண்டிக்குள் ஏற்றிவைத்து, அவளே தலைமை தாங்கி, தமிழில் முப்பது எண்ணினாள். இங்கே என்னை 'பாப்பா' என்று ஜெர்மன்காரப் பிள்ளைகள் மாதிரிக் கூப்பிட்டவள், "நைனா, வண்டிய எடு நைனா" என்று கத்தினாள். பெண்ணை மீட்டுவிட்டோம் என்று எனக்குக் கர்வம். கோவிந்தம்மாவும் அந்த ஆறு மாதத்தில் சத்தமாகச் சிரித்தாள், ஓரகத்தியோடு சண்டை போட்டாள், உடனே சமாதானமானாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

தேசப்பனுக்கு வண்டி மேல் கண். "விட்டுட்டுப் போண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று நூறு தடவை சொன்னான். ஹைன்ஸ் விஷயத்தை நூறு தடவை விளக்கினேன். கும்மிடிப்பூண்டியில் புதுத் தொழிற்சாலைக் கொட்டகைகளுக்குப் பக்கத்தில் லாரி ரிப்பேர் பார்க்கும் பாஷா பாயிடம் போய், டீசல் எஞ்சின் வேலையும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான்.

5

கடைசித் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. பஞ்சாப் எல்லைக்குப் போய்ச்சேர ஆறு நாள் ஓட்டம். வழியில் பழுதானால் இருக்கட்டும் என்று இரண்டு நாள் சேர்த்து, அதற்கு முந்தின வாரத் திங்கட்கிழமை காலை கிளம்புவதாக ஏற்பாடு. வாசலில் குப்பமே நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். கோவிந்தம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்கவில்லை. அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து முப்பது எண்ணினார்கள். இழுத்தேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி எண்ணினார்கள், மறுபடி இழுத்தேன். கீழே மணலில் டீசல் ஊற்ற ஆரம்பித்தது. இறங்கி பானெட்டைத் திறந்தேன்.  நாலு பைப்புகளும் இல்லை. பம்பின் நாலு வாயும் திறந்து கிடந்தது.

தேசப்பன் பஸ் பிடித்துப் போய் பாஷா பாயைக் கூட்டிவந்தான். அவர் குனிந்து பார்த்து, நட்டுகள் உட்காரும் புரிகளை விரலால் தடவினார்.

"திருட்டுப் பய வேல இல்ல இது. ஒரு கீறல் கெடையாது. பொறுமையா, தொயில் தெரிஞ்ச கையி கயட்டியிருக்கு."

"வேற பைப்பு போட முடியுமா, பாய்?"

"இந்த வண்டிக்கு இங்க எங்க போறது? ரப்பர் டியூப்லாம் இதுக்குப் போட முடியாது ஏழுமல, பிரஷர்ல கிழிச்சிக்கினு போயிடும். மெட்ராஸ்ல வளச்சிக் குடுப்பாங்க. ஆனா மாதிரி வேணும். மாதிரி இல்லாம எத்த பாத்து வளைப்பான்?"

பைப்புகள் பின்னால் எங்கேயாவது கிடக்கின்றனவா என்று பார்க்கச் சாமான்களை இறக்கியவர், கோவிந்தம்மாவின் தோல்பெட்டியைத் தூக்கிவிட்டு, "இன்னாப்பா இது, காலியா கீது?" என்றார். எனக்கு அது காதில் விழுந்தது, மூளையில் ஏறவில்லை. தொழில் தெரிந்த கை என்ற சொல்தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. குப்பத்தில் டீசல் தொழில் தெரிந்த கை ஒன்றுதான்.

தேசப்பனின் சட்டையைப் பிடித்தேன். ஊரே பார்க்க. "எங்கடா வெச்ச? சொல்லு. எங்க வெச்ச?" அவன் விழித்தான். ஒரு அறை விட்டேன். என்னைவிட ஒன்பது வயசு சின்னவன், இரண்டு பிள்ளை பெற்றவன். அவன் கை ஓங்கவில்லை. பொன்னேரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று கத்தினேன். வீடு முழுக்கத் தேடினேன். அரிசி டிரம்மைக் கவிழ்த்தேன், வலைக்குவியலை உதறினேன், அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறினேன். கோவிந்தம்மா சீட்டிலிருந்து இறங்கி, புதுப்புடவையோடு போய்க் கவிழ்ந்த அரிசியை அள்ளினாள்.

சாயங்காலம் தேசப்பன் என்னிடம் வந்து நின்றான். கன்னம் சிவந்திருந்தது.

"நான் எடுக்கல. அத்த விடு. ஒண்ணு கேக்கறேன் சொல்லு. தொயிலுக்குப் போற பொருளு ஊட்டுக்குள்ள பூட்ச்சின்னா, யாரு எட்த்ததுன்னு கேக்கற வழக்கம் நம்ம ஊட்ல எப்பண்ணா வந்திச்சி? அம்மா கழிய எட்த்து உள்ள வெச்சப்போ நைனா இப்டிதான் டிரம்ம கவுத்தாரா?"

6

எங்கள் குப்பத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் ஆழம் கிடையாது. படகை மூங்கில் கழியால் ஊன்றித்தான் தள்ள வேண்டும். கழி இல்லாவிட்டால் படகு வெறும் பலகை. வீட்டுப் பெண் மனசில் பொறுக்க முடியாத ஒரு குறை இருந்தால், கரையிலிருந்து கழியை எடுத்துவந்து வீட்டுக்குள் வைத்துவிடுவாள். அன்றைக்குத் தொழில் இல்லை. யார் எடுத்தது என்று ஆண்பிள்ளை கேட்கக் கூடாது, தேடவும் கூடாது. வாசற்படியில் நின்று "இன்னா குறை?" என்று மட்டும் கேட்க வேண்டும். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் கழி வெளியே வரும். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் அம்மா மூன்று தடவை எடுத்து வைத்திருக்கிறாள். மூன்று தடவையும் நைனா வாசற்படியில் நின்று கேட்டார்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் என் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. அது படகு, இது கார். அது ஒருநாள் தொழில், இது இன்னொருத்தரின் ஆயுள் சேமிப்பு. எந்த மடப்பெண் இதில் விளையாடுவாள் என்று எனக்குள்ளேயே பொருமினேன். உண்மையில் எனக்குப் பயம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

செவ்வாய்க்கிழமை பூராவும் மெட்ராஸில் பட்டறை பட்டறையாக அலைந்தேன். பாஷா பாய் சொன்னதையேதான் எல்லாரும் சொன்னார்கள். மாதிரியில்லாமல் முடியாது. ஒருவர் மட்டும், வண்டியை இழுத்துக்கொண்டு வந்தால் ஐந்து நாளில் பார்க்கலாம் என்றார். ஐந்து நாள்! பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹைன்ஸின் முகம்தான் கண்முன்னால் நின்றது. அவருக்கு நான் என்ன எழுதுவேன்? வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. செல்விகூட அம்மா முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

7

புதன்கிழமை காலை நாஷ்டா தட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தது. தொடவில்லை. எழுந்து போய் வாசற்படியில் நின்றேன். 

"இன்னா குறை?"

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஓரகத்தி வெளியே வரவில்லை. கோவிந்தம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு எதிரே நேராக நின்றாள்.

"ஆறு வருசமா ஐஸுல கைய வெச்சிக்கினு மீன் அறுக்கறேன். குறைன்னு சொன்னனா? அங்க எனக்குப் பேரே கெடையாது. உம்பேரச் சொல்லித்தான் என்னியக் கூப்புடறாங்க. கோயிந்தம்மான்னு ஒருத்தி இருக்கறதே அந்த ஊருக்குத் தெரியாது. பரவால்லன்னு இருந்தேன். இங்க வந்தேன். ஆறு மாசம் எல்லாரும் என்ன பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. திரும்பிப் போலாமா, உனக்கு இஷ்டமான்னு ஒரு வார்த்த கேட்டியாய்யா நீ? எங்கையெழுத்தயும் சேத்து நீயே போட்டுட்ட."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"நீ கேக்கலயே."

"ஹைன்ஸு பணம் போயிடும் கோயிந்து. அந்த ஆளு வீடு."

"தெரியும். அந்த ஆளு நல்ல மனுசன், அவன் வாயில மண்ணப் போடக் கூடாது. அதுக்கோசரந்தான் பைப்ப பத்ரமா வெச்சிக்கினு கீறேன். வேணும்னா ஏரில தூக்கிப் போட்ருக்க மாட்டனா? வண்டி போவட்டும். நீயும் போ. நானும் பொண்ணும் வரல."

"எத்தினி நாளைக்கு?"

"நீ ஒரு வார்த்த கேக்கறதுக்கு ஆறு வருசம் ஆச்சி. எனுக்கு மட்டும் இன்னா அவசரம்?"

சொல்லிவிட்டு அவள் அண்ணாந்து கையை நீட்டினாள். நைனாவின் படகு விற்றுப்போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருடைய கழி மட்டும் கூடத்துச் சுவரில், இரண்டு மரமுளைகளின் மேல் கிடக்கும். அந்தக் கழியோடு கழியாக, நாலு பைப்புகளும் அங்கேதான் இருந்தன. ஒளித்து வைக்கவே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான்தான் கவிழ்ப்பதிலும் உதறுவதிலும் இருந்தேன்.

8

பாஷா பாய் வந்து பைப்புகளைப் பூட்டினார். கழற்றும்போது கிளாம்பு மணலில் விழுந்து தொலைந்திருந்தது. "கிளாம்பு இல்லாம பஞ்சாப் போனா வழில ஒடஞ்சிடும்" என்றார் அவர். கோவிந்தம்மா உள்ளே போய் வலைநூல் உருண்டையைக் கொண்டுவந்தாள். பானெட்டுக்கு மேல் குனிந்து, வலை முடிகிற முடிச்சு போட்டு, நாலு பைப்பையும் மூன்று இடத்தில் கட்டினாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். பாஷா பாய் இழுத்துப் பார்த்துவிட்டு, "அவ்ளோதான், இது அசையாது" என்றார்.

கட்டும்போது அவள் தோள் என் தோளில் பட்டது. இங்கேயே இரு என்று சொல்லவும் முடியவில்லை, வா என்று சொல்லவும் முடியவில்லை. தேசப்பனிடம் போய், "அடிச்சிட்டேன்டா" என்றேன். "ஆமா, அடிச்ச" என்றான். பிறகு என் பெட்டியை எடுத்து அவனே வண்டியில் வைத்தான்.

சக்கரத்தடியில் திங்கட்கிழமை வைத்த எலுமிச்சம்பழங்கள் வாடிக் கிடந்தன. வேறு வைக்கவில்லை. செல்வி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். நான் குமிழை இழுத்ததும் கேட்காமலேயே எண்ண ஆரம்பித்தாள், தமிழில். இருபத்தொன்பது வரைக்கும் வந்தாள். முப்பது சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பதை நானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கும்மிடிப்பூண்டி தாண்டி, தடா தாண்டி, வடக்கே. ஆறு நாளும் ஓட்டினேன். ஒரு ஓரத்தில் நிறுத்தி அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லையில் முத்திரை விழுந்தது. ஹைன்ஸுக்குச் சேமிப்புப் புத்தகம் திரும்பக் கிடைத்தது. குடும்பம் எங்கே என்று கேட்டார். லீவில் இருக்கிறார்கள் என்றேன். இப்போதும் அவ்வப்போது கேட்கிறார். இப்போதும் லீவு என்றுதான் சொல்கிறேன்.

9

அவர்கள் இல்லாமல் ஒரு வருஷமும் சில மாதங்களும் ஓடிவிட்டன. கோவிந்தம்மா மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள். செல்வி பொன்னேரியில் பள்ளிக்குப் போகிறாள், ஜெர்மன் மறந்து வருகிறது, தேசப்பன் வலை வாங்கினான், மழை இல்லை. எப்போது வருவாய் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அடியில் 'ஏ. கோவிந்தம்மா' என்று பெரிதாக, நிதானமாக, தானே கையெழுத்துப் போடுகிறாள். கடிதத்தைவிட அந்தக் கையெழுத்தைத்தான் நான் அதிக நேரம் பார்க்கிறேன்.

நானும் பதில் எழுதுகிறேன். குளிர், வேலை, வண்டி ஓடுகிறது, உடம்பு சௌக்கியம். பதினைந்து கடிதம் எழுதியிருப்பேன். ஒன்றில்கூட எனக்கு என்ன வேண்டும் என்று எழுதவில்லை. இந்தப் பெரிய காரில் ஒற்றை ஆளாக வேலைக்குப் போய் வருகிறேன். காலையில் குமிழை இழுத்து நானே எண்ணுகிறேன். இருபத்தொன்பது வந்ததும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்துவிடுகிறேன். சனியன் பிடித்த பழக்கம்.

இன்று காலை, சரி, முடித்துவிடலாம் என்று கிளாம்பையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பானெட்டைத் திறந்தேன். கத்தியை நூலில் வைத்தேன். முடிச்சு இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஈரப் பனியில் கை விறைத்துப் போகும்வரை அப்படியே நின்றேன். பிறகு கத்தியை மடித்துப் பையில் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். எட்டு நட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நூல் கட்டியபடியே நாலு பைப்பையும் வெளியே எடுத்து, டீசல் சொட்டச் சொட்ட மாடிக்குக் கொண்டுவந்தேன். கதவுக்குப் பக்கத்தில் மூன்று கோட்டுக் கொக்கிகள் உண்டு. ஒன்றில் என் கோட்டு. மற்ற இரண்டும் வெறுமையாக இருந்தன. அந்த இரண்டின் மேல் பைப்புகளைக் கிடத்தினேன்.

பட்டறைக்கு இன்று வரவில்லை என்று கீழ்வீட்டுப் போனில் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். வண்டி ஓடவில்லை என்றேன். பிறகு மேஜையில் உட்கார்ந்து, பதினாறாவது கடிதத்தை எழுதினேன். குளிரைப் பற்றி எழுதவில்லை, உடம்பைப் பற்றி எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்:

"கோயிந்து, கழியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இந்த வீட்டில் கேட்க ஆளில்லை. நீ கேளு."